ஒப்பேற்றாமல் ஒரு பஸ் மோட் செய்வது எப்படி

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற கணினி விளையாட்டில் ஓட்டுவதற்குச் சென்னை மாநகரப் பேருந்தின் ஸ்கின் ஒன்றை, அதாவது வண்டியின் மேல் போர்த்தும் நிறமும் எழுத்தும் கொண்ட மோட் ஒன்றை (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்து சேர்க்கும் கோப்பு), தேடிப் பாருங்கள். கிடைப்பவற்றில் பல, வேறொருவர் செய்த வண்டிக்கு நிறத்தை மட்டும் மாற்றிப் புதுப்பெயர் சூட்டியவையாகவோ, இணையத்தில் எடுத்த மங்கலான புகைப்படத்தை அப்படியே பக்கவாட்டில் ஒட்டியவையாகவோ இருக்கும். விளக்கம் என்று பார்த்தால் 'சூப்பர் மோட், டவுன்லோட் பண்ணுங்க' என்பதற்கு மேல் ஒரு வரி இராது. எந்தப் பதிப்பில் ஓடும், மூல வண்டி யாருடையது, கோப்பை எங்கே போட வேண்டும் என்பதெல்லாம் இறக்கியவர் பாடு. அப்படி ஒப்பேற்றாமல் ஒரு ஸ்கின்னைச் செய்து முடிக்கும் வழியை, பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி பேருந்தை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன்.

மோட் சிறியது என்பதாலேயே அதை ஒப்பேற்றல் என்று சொல்லிவிட முடியாது. ஹார்ன் ஒலியை மட்டும் மாற்றுகிற மோட் கூட முழுமையான வேலையாக இருக்கலாம். செய்தவர் தாம் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்தை இறக்குகிற நூறு பேர் தலையில் கட்டிவிட்டாரா என்று பார்ப்பதே என் அளவுகோல்.

முதல் வேலையைக் கணினியில் தொடங்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குச் சென்று தொடங்குங்கள். கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் பெசன்ட் நகர் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால், வண்டியின் முகப்பு, பின்புறம், இரு பக்கங்கள் என நான்கையும் நேராக நின்று படமெடுத்துவிடலாம். சாய்வாக எடுத்த படம் எழுத்தின் அளவையும் கோட்டின் உயரத்தையும் தவறாகக் காட்டும். எந்தக் காலத்து வண்டியைச் செய்கிறீர்கள் என்பதையும் அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மகளிர் கட்டணமின்றிப் பயணிக்கும் சாதாரணப் பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு நிறம் பூசும் வழக்கம் 2022இல்தான் வந்தது. பழைய சிவப்பு வண்டியின் உடலில் அந்த இளஞ்சிவப்பு முகப்பை ஒட்டிவைத்தால், தினமும் பேருந்தில் போகிறவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பதிவெண்ணும் அப்படித்தான்: நம் அரசுப் பேருந்துகளின் எண் வரிசையில் 'என்' எழுத்து வரும், அதை விட்டுவிட்டு ஏதோ ஒரு எண்ணைப் போடாதீர்கள். வண்டிக்குள்ளே திருக்குறள் பலகை இருக்கும். உள்பக்கத்தையும் செய்பவர்கள் அதை வெறும் மஞ்சள் கட்டமாக விட்டுவிடுவது வழக்கம்; ஓட்டுகிறவர் கேமராவை உள்ளே திருப்பியதும் கண்ணில் படுவது அதுதான்.

அடுத்து, பூசப்போகும் மூல வண்டியின் டெக்ஸ்சர், அதாவது அதன் மேல் சுற்றப்படும் படம், எப்படி விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே படத்துண்டைப் பகிர்ந்துகொள்ளும். வெறும் நிறப்பட்டை என்றால் சிக்கல் இல்லை. எழுத்து வந்துவிட்டால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கண்ணாடி பிம்பமாகவும் விழும். என் முதல் ஸ்கின்னை நள்ளிரவில் முடித்து, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் அயனாவரத்துப் பையன் ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணா, இந்தப் பக்கம் மட்டும் ஏன் ஆம்புலன்ஸ் மாதிரி திருப்பி எழுதியிருக்கீங்க?" அன்றிலிருந்து எதையும் வரைவதற்கு முன், வெற்றுப் படத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிய எண்களை எழுதி விளையாட்டில் ஏற்றி, வண்டியை ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிடுகிறேன். பத்து நிமிட வேலைதான். இரு பக்கமும் ஒரே துண்டுதான் என்று தெரிந்தால், வேறு மூல வண்டியைத் தேடுங்கள், அல்லது பக்கவாட்டு எழுத்தைத் தனித் துண்டாக்கித் தருமாறு அதைச் செய்தவரிடம் கேளுங்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் நம்மவர் மோட்களில் மிக அதிகமாகக் கெட்டுப்போவது அதுதான். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒலியில் மெய்க்குப் பின்னே வந்தாலும் எழுத்தில் முன்னே நிற்பவை; கணினியில் அவை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன, அவற்றை முன்னே நகர்த்திக் காட்ட வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அந்த வசதி இல்லாத படமென்பொருளில் நீங்கள் 'பெரம்பூர்' என்று அடித்தால், கொம்பு ப-வைத் தாண்டி ர-வுக்கு முன்னால் போய் நின்று 'பரெம்பூர்' போலத் தெரியும். பெசன்ட் நகர் 'பசென்ட் நகர்' ஆகிவிடும். ஃபோட்டோஷாப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் இது சரியாகும். கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களில் இந்தத் தொல்லை இல்லை. படத்துக்குத்தானே எழுத்து வேண்டும் என்பதால், யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்தாலும் குற்றமில்லை. படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மட்டும் பலகை எழுதச் சொல்லாதீர்கள். தூரத்தில் தமிழ் போலவும் கிட்டத்தில் புழு நெளிவது போலவும் ஏதோ ஒன்றைத் தரும் அது.

படத்தின் அளவில் பலர் ஏமாறுகிறார்கள், ஏமாற்றவும் செய்கிறார்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கி '4கே தரம்' என்று தலைப்பிடுவது ஒப்பேற்றலிலேயே மிக எளிய வகை. 4096க்கு 4096 பிக்சல் அளவுள்ள படம், சுருக்காமல் இருந்தால் 64 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். விளையாட்டுகள் பயன்படுத்தும் டிடிஎஸ் என்ற படக் கோப்பாக, டிஎக்ஸ்டி5 என்ற சுருக்கு முறையில் சுருக்கினால் 16 எம்பி. 2048க்கு 2048 என்று குறைத்துச் சுருக்கினால் 4 எம்பி. தூரத்துக்கேற்ற சிறு பிரதிகளான மிப்மேப்களையும் சேர்த்தால் இவற்றோடு மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் அவற்றைச் சேர்க்காவிட்டால் வண்டி தூரத்தில் போகும்போது கோடுகள் மினுமினுக்கும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மடிக்கணினியில் விளையாடுகிற மாணவருக்கு இந்த வேறுபாடு வண்டி ஓடுவதா, திக்கித் திக்கி நிற்பதா என்ற அளவுக்குப் பெரியது.

அனுமதி விஷயத்தில் தயக்கம் வேண்டாம். மூல வண்டியைச் செய்தவருக்கு, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் எங்கே ஏற்றப்போகிறீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதை 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தாலும், உங்கள் ஸ்கின் கோப்பை மட்டும் கொடுத்து, முழு வண்டிக்கு அவருடைய பக்கத்தின் இணைப்பைத் தருவதே முறை. வண்டியையும் சேர்த்துக் கட்டி ஏற்றினால் அது மறுபதிவேற்றம்தான், நன்றி சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. 2015 ஏப்ரலில் ஸ்கைரிம் விளையாட்டின் மோட்களை ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தபோது, தொடக்கத்திலேயே வந்த ஒரு மோட் வேறொருவரின் அனிமேஷன் வேலையைச் சார்ந்திருந்ததால் விலக்கப்பட்டது. சில நாட்களில் திட்டமே கைவிடப்பட்டது.

கட்டும் வேலை எளிது. இந்த விளையாட்டின் மோட் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் தொகுப்புதான். உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற விவரக் கோப்பில் பெயர், பதிப்பு எண், செய்தவர் பெயர் ஆகியவற்றோடு, விளையாட்டின் எந்தப் பதிப்புகளுக்குப் பொருந்தும் என்பதையும் எழுதலாம். அந்த வரியை நிரப்பாமல் விடுவதால்தான், விளையாட்டு புதுப்பிக்கப்பட்ட மறுநாள் 'ஓப்பன் ஆகல' என்ற கேள்விகள் குவிகின்றன. மோட் பட்டியலில் தெரியும் சின்னத்துக்கு 276க்கு 162 அளவில் ஒரு ஜேபெக் படம் போதும்.

ஏற்றுவதற்கு முன் மற்ற எல்லா மோட்களையும் அணைத்துவிட்டு, மூல வண்டியையும் உங்கள் ஸ்கின்னையும் மட்டும் இயக்கி ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு, விளையாட்டு ஓடும்போது நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்து, பிழை என்று குறித்த வரிகளில் உங்கள் கோப்பின் பெயர் வருகிறதா என்று தேடுங்கள். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், காணாமல் போன ஒரு டெக்ஸ்சரைப் பற்றி அங்கே பிழை வரி இருக்கக்கூடும். அதன்பின் நண்பர் ஒருவரின் கணினியில், நீங்கள் வாய் திறக்காமல், உங்கள் விளக்கக் குறிப்பை மட்டும் படித்து அவர் நிறுவுவதைப் பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள். அவர் திரும்பி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் குறிப்பில் ஒரு வரி குறைகிறது.

ஸ்கிரீன்ஷாட்களை விளையாட்டின் பிரிட்டன் சாலைகளில் எடுங்கள்; அங்கே நம்மூர் போலவே இடப்பக்கப் போக்குவரத்து என்பதால், படிக்கட்டு நடைபாதைப் பக்கம் இருக்கும். நான்கு புறமும் பகலில் ஒன்று, இரவில் விளக்குடன் ஒன்று, எழுத்தைக் கிட்டத்தில் காட்டும் ஒன்று என ஆறு படங்கள் போதும். தெரிந்தே விட்டுவைத்த குறைகளையும் விளக்கத்தில் சொல்லிவிடுங்கள். என் 29சியின் விளக்கத்தில் 'பின்கதவின் கைப்பிடி நிறம் தவறு, அடுத்த பதிப்பில் மாறும்' என்ற வரி இன்னும் இருக்கிறது. கைப்பிடியை இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.