உங்கள் தோளுக்கேற்ற துப்பாக்கி, உங்கள் கைக்கேற்ற வில்

என் வலது புருவத்தின் நடுவே பிறை போல ஒரு தழும்பு இருக்கிறது. மான் வேட்டைத் துப்பாக்கியை முதன்முதலாகத் தோளில் வைத்த அன்று கிடைத்தது. துப்பாக்கி மாமனாருடையது, .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற மிகப் பலமான தோட்டா போடுவது. "இதை எடுத்துக்கோம்மா, எவ்வளவு தூரத்தில் நின்றாலும் மான் படுத்துவிடும்" என்று ஆசையாகத்தான் கொடுத்தார். அவர் ஆறடி, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். தோளில் ஊன்றும் கட்டை எனக்கு நீளமாக இருந்ததால் சரியாக உட்காரவில்லை. ஸ்கோப்புக்குள், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள், முழு வட்டம் தெரியவில்லையே என்று கழுத்தை நீட்டிக்கொண்டே போனேன். சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து இடித்தது.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் டிரிகரில் விரல் பட்டாலே கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பருவத்தில் அறுபது கெஜத்தில், பக்கவாட்டில், அசையாமல் நின்ற ஒரு மானைத் தவறவிட்டேன். மேக்னத்தின் பலம் எனக்கு ஒரு மயிரளவுகூட உதவவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது 7எம்எம்-08 ரெமிங்டன் என்ற மிதமான தோட்டா போடும் ஒரு ரைஃபிள், சக்கரங்கள் வைத்த ஒரு காம்பவுண்டு வில். இரண்டுமே நான் சுற்றி வளைத்து, தப்பாக வாங்கி, விற்று, கடைசியில் கண்டுபிடித்தவை. நீங்கள் அவ்வளவு சுற்ற வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. உரிமமும் வேட்டைப் பருவமும் உள்ள நாடுகளிலும் விதி ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வில்லால் மானை எய்வது சட்டவிரோதம். சிறிய இரண்டு மான் இனங்கள் நீங்கலாக, ரைஃபிளின் குழல் அளவு .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குண்டின் ஆற்றலும் குழல்வாயில் 1,700 அடி-பவுண்டாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்களில் மானுக்கு வழக்கமான ரைஃபிளுக்கு அனுமதி கிடையாது. ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டு, அல்லது .350 லெஜண்டு போல நேர்சுவர்த் தோட்டாக்கள்தான் (கழுத்து குறுகாமல் நேராக இருக்கும் உறை கொண்டவை). கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமில்லாத குண்டு கட்டாயம். இதையெல்லாம் பார்க்காமல் வாங்கிய துப்பாக்கி அலமாரிக்குத்தான் அழகு.

அடுத்தது தூரம். நீங்கள் வேட்டையாடப்போகும் இடத்துக்குப் பருவம் தொடங்கும் முன்பே ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது? நான் உட்காரும் இடத்தில் புதர்களுக்கு நடுவே அதிகபட்சம் 120 கெஜம். அங்கே 500 கெஜத்துக்கான துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போய் என்ன செய்வது? திறந்த புல்வெளி என்றால் கணக்கு வேறு. ஆனால் காட்டுக்குள் வேட்டையாடும் பெரும்பாலானோருக்கு 200 கெஜத்துக்குமேல் பேச்சே வராது.

சரி, தோட்டா. இதைப் பற்றி வேட்டைக்காரர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தச் சண்டையில் நம்பிக்கை போய்விட்டது. .30-30 வந்தது 1895இல். .270 வின்செஸ்டர் 1925, .308 1952, .243 1955, என் 7எம்எம்-08 1980. 1906இல் ராணுவத்துக்காக வந்த .30-06 இன்றும் மான் காட்டில் இருக்கிறது. இவற்றில் எதை எடுத்தாலும், அதற்குரிய தூரத்தில், நல்ல வேட்டைக் குண்டு நெஞ்சுக்கூட்டுக்குள் போனால் வெள்ளைவால் மான் விழுந்துவிடும். வித்தியாசத்தை அதிகம் உணரப்போவது உங்கள் தோள்தான். சுமார் எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .243 ஏறத்தாழ 10 அடி-பவுண்டு உதைக்கும், 7எம்எம்-08 சுமார் 13, .30-06 சுமார் 20. மாமனாரின் மேக்னம் 25ஐத் தாண்டும். இரண்டு மடங்கு உதை வாங்கி நான் அதிகமாகச் சாய்த்தது எதுவும் இல்லை.

உதை உங்களைப் பயமுறுத்துகிறதா என்று உங்களைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என் கணவர் ஒரு சோதனை வைத்தார். சுடுதளத்தில் நான் திரும்பி நிற்க, அவர் துப்பாக்கியில் சில தடவை உண்மைத் தோட்டாவும் சில தடவை பயிற்சிக்கான போலித் தோட்டாவும் போட்டுத் தந்தார். எது உள்ளே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. போலித் தோட்டா வந்தபோது 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டது, ஆனால் குழலின் நுனி ஒரு சாண் கீழே குத்திட்டு நின்றது. வெட்கமாகிவிட்டது. வாங்குவதற்கு முன்னால், நண்பருடைய துப்பாக்கியை இரவல் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நுனி அசையாத தோட்டா எதுவோ அதுதான் உங்களுக்கானது. அசைந்தால் ஒரு படி இறங்குங்கள், மானம் ஒன்றும் போய்விடாது.

பிறகு கட்டை. பெரியவர்களுக்கான ரைஃபிளில் டிரிகரிலிருந்து கட்டையின் பின்நுனி வரை பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். எனக்கு அது பன்னிரண்டரைக்கு வெட்டப்பட்டது. சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. துப்பாக்கி காலி என்று திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பாதுகாப்பான திசையில் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளுக்குத் தூக்குங்கள், கன்னத்தைக் கட்டையில் சாய்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெளிவாகத் தெரிந்தால் பொருத்தம். கழுத்தை முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருந்தால் கட்டையோ ஸ்கோப்போ மாற வேண்டும். குளிர்ப் பருவத்தில் போடும் தடித்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள். கடையில் மெல்லிய சட்டையோடு கச்சிதமாக இருந்த துப்பாக்கி, காட்டில் அரை அங்குலம் நீண்டுவிடும்.

தோட்டா ஏற்றும் இயக்கமுறையில் எனக்குப் போல்ட்தான் பிடிக்கும், அதாவது பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளுவது. எளிமையானது, பனியிலும் ஈரத்திலும் அடம்பிடிக்காது. டிரிகருக்குக் கீழே உள்ள நெம்புகோலை ஆட்டித் தோட்டா ஏற்றும் லீவர் துப்பாக்கியின் மேல் எனக்குக் காதல் உண்டு, அடர்ந்த காட்டில் அதைப் போல் கைக்கு அடங்குவது வேறில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். குழலுக்குக் கீழே நீளக் குழாயில் தோட்டா அடுக்கும் லீவர் துப்பாக்கியில் ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பின்புறத்தில், தீப்பொறி பிறக்கும் இடத்தில், முட்டிக்கொண்டு இருக்கும். அதனால் கூர்முனைக் குண்டு ஆகாது. தட்டை முனையோ, இதற்கென்றே வரும் மிருதுவான முனையோ வேண்டும். ஷாட்கன் மட்டுமே அனுமதி என்றால், வரிக்குழல், அதாவது உள்ளே சுருள் வரி வெட்டிய குழல், உள்ளதைப் பாருங்கள். அகலக் குழலான 12 கேஜில் ஒற்றைக் குண்டின் உதை .30-06ஐயும் மிஞ்சும். அதைவிடச் சிறிய 20 கேஜ் தாராளமாகப் போதும்.

ஸ்கோப்புக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 3-9 மடங்கு, 40 மில்லிமீட்டர் லென்ஸ். காட்டுக்குள் அதை மூன்றிலேயே வைத்திருங்கள். பெரிதாக்கி வைத்தால் அருகில் வரும் மான் வெறும் பழுப்பு நிறமாகத்தான் தெரியும். என் ரைஃபிளை 100 கெஜத்தில் குறிக்கு ஒன்றரை அங்குலம் மேலே படும்படி சரிசெய்து வைத்திருக்கிறேன். 200 கெஜம் வரை தலையைச் சொறிய வேண்டியதில்லை.

வில்லுக்கு வருவோம். மாமனார் இன்னும் இதை விளையாட்டுச் சாமான் என்றுதான் சொல்வார். வில்லைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே ஒரு சிறிய ஓட்டை விட்டு, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே இரண்டு கண்ணாலும் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் அப்படியே தெரிந்தால், திறந்திருக்கும் கண்தான் ஆதிக்கக் கண். நான் வலக்கைக்காரி, என் ஆதிக்கக் கண்ணோ இடது. ரைஃபிளில் இடக்கண்ணை மூடிச் சமாளிக்கிறேன். வில்லில் இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் இடக்கை வில் வாங்கினேன். ஒரு மாதம் கோணல்மாணலாக எய்தேன், பிறகு பழகிவிட்டது.

இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, அதை இரண்டரையால் வகுத்தால் நாண் இழுக்கும் நீளம் ஓரளவுக்குக் கிடைக்கும். எனக்கு 62 அங்குலம், ஆகவே 25க்குக் கொஞ்சம் குறைவு. காம்பவுண்டு வில்லில் இந்த நீளம் தப்பினால் எல்லாமே தப்பும். சக்கரமில்லாத, நுனிகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில் வாங்குபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது நாணை இழுக்கும் பாரம், 28 அங்குலம் இழுத்தால் கிடைப்பது. என்னைப் போலக் கை குட்டையானவர்களுக்கு ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு குறைந்துபோகும், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போய்விடவும் கூடும்.

காம்பவுண்டு வில் 1960களில் ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற மிசூரிக்காரர் கண்டுபிடித்தது, 1969இல் காப்புரிமை கிடைத்தது. அதன் சக்கரங்களால் என்ன நன்மை என்றால், முழுவதும் இழுத்தபின் பாரம் இறங்கிவிடும். என் வில் 45 பவுண்டு. 80 சதவீதம் இறங்கும் என்பதால் முழு இழுப்பில் என் கையில் நிற்பது 9 பவுண்டுதான். மான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்வரை காத்திருக்க முடிகிறது. ஆனால் அந்த 45ஐத் தாண்டித்தானே 9க்கு வர வேண்டும்? கடையில் நின்றபடி இழுத்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, வில்லைக் குறியை நோக்கியே வைத்து மெதுவாக இழுங்கள். வானத்தைப் பார்த்து வில்லைத் தூக்கினால்தான் இழுக்க முடிகிறது என்றால் பாரம் அதிகம். அந்த அசைவை மான் பார்க்கும். அம்பு இல்லாமல் நாணை மட்டும் விட்டுவிடாதீர்கள், வில்லே உடையும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பாரத்தை ஏற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. என் அம்பு நொடிக்குச் சுமார் 220 அடி போகிறது. 30 கெஜத்தில், அதாவது 90 அடியில், மானை அடைய 0.41 நொடி. நாணின் சத்தம் 0.08 நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். மீதி மூன்றில் ஒரு பங்கு நொடியில், பதறிய மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு முதுகுக்கு மேலே போகும். இன்னொரு 50 அடி வேகம் கூடினாலும் சத்தத்தை முந்த முடியாது. ஆகவே வேகமான வில்லைவிடச் சத்தம் குறைந்த வில்லைத் தேடினேன், தூரத்தையும் 20 கெஜத்தோடு நிறுத்திக்கொண்டேன். அம்பு கொல்வது ரத்தப்போக்கால். அதனால் அதன் முனை சவரக்கத்தி போல இருக்க வேண்டும். பயிற்சி முனை போகும் இடத்துக்கே வேட்டை முனையும் போகிறதா என்றும் தனியாக எய்து பாருங்கள், பல வில்களில் போகாது.

தோள்வலி உள்ளவர்களுக்குக் குறுக்குவில் உண்டு, அனுமதி இருந்தால். தாங்கும் கையின் கட்டைவிரல் நாண் ஓடும் தண்டவாளத்துக்குமேல் வந்துவிடக் கூடாது. வந்தால் நகமே மிஞ்சாது.

எதை வாங்கினாலும் கடைசிச் சோதனை ஒன்றுதான். எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் ஏறத்தாழ அவ்வளவு இடம்தான். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட வேண்டாம், காட்டில் எப்படி இருப்பீர்களோ அப்படி உட்கார்ந்து ஐந்து முறை. ஐந்தும் தட்டுக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ரைஃபிளின் கட்டையில் ஒரு பட்டை ஒட்டி 150 என்று எழுதியிருக்கிறேன், வில்லில் 20. சென்ற பருவத்தில் மாமனாரும் தட்டு முன்னால் உட்கார்ந்தார். ஐந்தில் இரண்டு தட்டில் விழுந்தன. எழுந்து தோளைத் தடவிக்கொண்டே, "உன் குட்டித் துப்பாக்கியை ஒரு நிமிஷம் கொடும்மா" என்றார்.