கம்ப்ரசர் போச்சு என்று கைவிட்ட பழைய ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுவது எப்படி?

உருண்டைத் தோளும் கனத்த கைப்பிடியுமாக ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கைக்கு வந்தால், கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: "கம்ப்ரசர் போச்சு, எடைக்குப் போட்டுடுங்க." என்னுடையதைப் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் இதையேதான் சொன்னார்கள். பின்பக்கம் காதை வைத்துக் கேட்டதோடு சரி, ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. கடைசியில் பார்த்தால், செத்துக் கிடந்தது கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பிவிடும் தீப்பெட்டி அளவு ரிலே. அன்றிலிருந்து நான் கம்ப்ரசரைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவது.

பிளக்கை மாட்டும் முன் வயரைப் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் உறை, வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் யோசிக்காமல் முழு வயரையும் மாற்றி, ஃப்ரிட்ஜின் உடம்புக்கு எர்த் கொடுத்துவிடுங்கள். பல பழைய மாடல்களில் எர்த்தே கிடையாது.

அப்புறம் மாட்டிவிட்டு, பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்று சத்தத்தைக் கேளுங்கள். உள்ளே பல்பு எரிகிறது, சத்தமே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் (குளிரைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்), ஓவர்லோட் (சூடேறினால் கரண்ட்டைத் துண்டிக்கும் காப்பு), அல்லது எங்காவது விட்டுப்போன வயர். தெர்மோஸ்டாட்டின் இரண்டு வயர்களையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சேர்த்துக் கட்டி, மறுபடி மாட்டிப் பாருங்கள், ஓடினால் கோளாறு தெர்மோஸ்டாட்டில்தான். சில நொடி 'ம்ம்ம்' என்று உறுமி, 'டிக்' என்று நின்று, சில நிமிடம் கழித்து மறுபடி அதே கதை என்றால் ரிலே, மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டர், குறைந்த வோல்டேஜ் அல்லது கம்ப்ரசருக்குள் ஜாம். ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, பின்பக்கக் கண்டன்சர் (சூட்டை வெளியேற்றும் குழாய் அடுக்கு) சூடாகவே இல்லை என்றால் கேஸ் கசிந்துபோயிருக்கும், இல்லையேல் கம்ப்ரசருக்குள் வால்வு தேய்ந்திருக்கும்.

உறுமி நிற்கும் ரகம்தான் அதிகம், காப்பாற்ற வாய்ப்பும் அதில்தான் அதிகம். பிளக்கைப் பிடுங்குங்கள். கெப்பாசிட்டர் இருந்தால் அதில் தேங்கிய கரண்ட்டை முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிடுங்கள். கம்ப்ரசர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரிலேயை உருவினால் மூன்று பின் தெரியும்: காமன், ஸ்டார்ட், ரன். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் வரும், அதில் பெரியது மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 12, 22, 34 என்று வந்தால் மோட்டாரின் கம்பிச் சுருள்கள் பெரும்பாலும் நல்லவை. 34 வந்த ஜோடியில் இல்லாத பின்தான் காமன். அதிலிருந்து 12 காட்டுவது ரன், 22 காட்டுவது ஸ்டார்ட். எந்த ஜோடியாவது ஓபன் (இணைப்பே இல்லை) என்று காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, ஆனால் கம்ப்ரசர் கொதித்துக் கிடக்கும்போது அளக்காதீர்கள், சில வகைகளில் ஓவர்லோட் உள்ளேயே இருக்கும், அது ஆறும்வரை ஓபன் என்றுதான் காட்டும். அடுத்து ஒரு முனையைப் பின்னிலும் மறுமுனையைப் பெயின்ட் சுரண்டிய செம்புக் குழாயிலும் வையுங்கள். கொஞ்சமாவது ரீடிங் வந்தால் சுருள் உடம்பில் தொடுகிறது, அந்தக் கம்ப்ரசரை மறந்துவிடலாம்.

சுருள் நன்றாக இருக்கிறதா? சரி, இப்போது ரிலேயைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பீங்கான் சில்லு உள்ள பிடிசி வகையில் 'லொடலொட' என்று சில்லு உருண்டால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். பழைய காயில் வகையில் ஆடும் சத்தம் இயல்பு, உள்ளே ஒரு இரும்புத் துண்டு ஏறி இறங்கும். அதன் காண்டாக்டைத்தான் பார்க்க வேண்டும்: கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். இந்த வகையை மேல்கீழாக மாட்டக் கூடாது, அந்தத் துண்டு தன் எடையால் விழுந்துதான் காண்டாக்ட் விடும், தலைகீழானால் ஸ்டார்ட் சுருள் விடாமல் ஓடி எரிந்துபோகும். பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது மேலே பார்க்கட்டும்.

புது ரிலேயிலும் உறுமினால் ஜாம். ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சேர்ந்த ஹார்ட் ஸ்டார்ட் கிட் ஒன்றை மாட்டி, கரண்ட் கொடுக்கும் இரண்டு மூன்று நொடிக்குள் ரப்பர் சுத்தியலால் கம்ப்ரசர் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தவை சில சமயம் இப்படி விழித்துக்கொள்ளும். நாலைந்து முறைக்கு மேல் வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் எழவில்லை என்றால் கம்ப்ரசரை மாற்றுவதுதான். இங்கே நீங்கள் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், ஏனென்றால் குழாயை வெட்டுவது வேறு வேலை. பெயர்ப்பலகையில் எந்த கேஸ் என்று பாருங்கள். 1927-இல் வந்த ஜெனரல் எலக்ட்ரிக் 'மானிட்டர் டாப்' போன்ற ஆதி மாடல்களில் சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கும், மூச்சைப் பிடிக்கும் விஷவாயு, அதைத் திறக்கவே திறக்காதீர்கள். அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் ஆர்-12. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதன் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. காற்றில் விடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்க வேண்டும். அது இருக்கும் குழாயில் நெருப்பு வைத்தால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு உருவாகும்.

மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு. புதுக் கம்ப்ரசர் ஃப்ரீசருக்கான லோ பேக் பிரஷர் வகையா, பழையதற்குச் சமமான குளிர்த்திறன் உடையதா? குழாயில் ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றுகிறாரா? குழாயைத் திறந்தால் டிரையர் மாற்றியே ஆக வேண்டும், பழையதையே பற்றவைப்பவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள். பழைய எண்ணெய் கருகிய நாற்றம் அடித்தால் உள்ளே அமிலம் இருக்கும், குழாய்களைக் கழுவி நைட்ரஜன் ஊத வேண்டும். கசிவு பார்ப்பதும் நைட்ரஜனும் சோப்பு நுரையும் கொண்டுதான். ஆக்சிஜனை ஏற்றினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். பிறகு வேக்குவம் பம்ப், வேக்குவம் மீட்டரில் அழுத்தம் 500 மைக்ரான் வரை இறங்கி அங்கேயே நிற்க வேண்டும், ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு 'போதும்' என்றால் போதாது.

கேஸ் விஷயத்தில் என் கருத்து ஆர்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ பக்கம். எஸ்டர் எண்ணெயோடு வரும் கம்ப்ரசரைப் போட்டு, பழைய மினரல் எண்ணெயைக் கழுவியெடுத்து, பலகையில் போட்ட ஆர்-12 எடையில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தராசில் நிறுத்து ஏற்றினால் தொடங்கப் போதும். இன்னொரு மாற்றான ஆர்-600ஏ (ஐசோபியூட்டேன்) மினரல் எண்ணெயோடு ஒத்துப்போகும், எடையும் பாதிக்குக் கீழேதான் வேண்டும், ஆனால் எரியக்கூடியது. பழைய ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட்டும் பல்பு சுவிட்சும் ஃப்ரிட்ஜின் உள்ளறையிலேயே பொறி விடும் என்பதால் எனக்கு மனசு வராது.

வேலை முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ஒரு நாள் வையுங்கள். 3 முதல் 5 டிகிரி வரை வந்து, கம்ப்ரசர் இடையிடையே நின்று ஓடினால் நல்லது. நிற்காமலே ஓடினால், கேஸைச் சந்தேகிக்கும் முன் ஃப்ரிட்ஜின் சுவருக்குள் கைவிட்டுப் பாருங்கள். பழைய கண்ணாடி இழைப் பஞ்சு ஈரம் குடித்து ஊறிக் கிடக்கும், அதை எடுத்துக் காயவைத்தோ மாற்றியோதான் ஆக வேண்டும். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி இழுத்தால் எளிதாக உருவக் கூடாது.

கடைசியாக, கைப்பிடிக் கொக்கி. உள்ளிருந்து திறக்க முடியாத அந்தக் கொக்கியால் ஃப்ரிட்ஜுக்குள் மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 1956-இல் சட்டமே வந்தது. குழந்தைகள் நடமாடும் வீடு என்றால் கொக்கியைக் கழற்றிவிட்டுக் காந்த ரப்பர் போடுங்கள். ரிப்பேருக்குக் காத்திருக்கும் நாட்களில் கதவையே கழற்றித் தனியாக வையுங்கள்.