மயக்க ஊசி போட்ட குதிரையைக் கோடையிலும் குளிரிலும் பார்த்துக்கொள்ளும் முறை

பல் ராவுவதற்கும், காயத்துக்குத் தையல் போடுவதற்கும், லாடம் அடிக்க விடாமல் துள்ளும் குதிரையை அமைதிப்படுத்துவதற்கும் கால்நடை மருத்துவர்கள் சைலசின், டெட்டோமிடின் போன்ற மருந்துகளைச் செலுத்துகிறார்கள். இவை குதிரையை நின்ற நிலையிலேயே அரைமயக்கத்தில் வைப்பதோடு, உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் குறைத்துவிடுகின்றன. மருந்தும் அளவும் மருத்துவரின் பொறுப்பு. நேரம், இடம், காவல் ஆகிய மூன்றும் வளர்ப்பவரின் பொறுப்பு.

ஊசிக்கு முன்பே ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நலமாக உள்ள வளர்ந்த குதிரைக்கு இது ஏறத்தாழ 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் காய்ச்சலுள்ள குதிரைக்கு இம்மருந்துகளைச் செலுத்தினால் சில நேரம் மூச்சு வெகுவேகமாக வாங்கத் தொடங்கும். தலையைத் தொங்கவிட்டு உறங்குவதுபோல் நிற்கும் குதிரையும் சட்டென்று உதைக்கக்கூடும் என்பதால், பிறகு வெப்பம் பார்க்கும்போதும் பின்னால் நிற்காமல் இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, அவசரமற்ற சிகிச்சையை விடியற்காலையில் வைத்துக்கொள்வதே நல்லது. தகரக் கொட்டகையைவிடக் காற்றோட்டமுள்ள புளியமரத்தடி மேல். ஆனால் நிழல் நகரும் திசையை முன்கூட்டியே பார்த்துக் குதிரையை நிறுத்த வேண்டும், மயங்கிய பிறகு நகர்த்துவது இருவருக்கும் ஆபத்து. ஊர்வலத்திலிருந்து வியர்க்க வியர்க்க வந்த குதிரைக்கு, உடல் தணிந்து மூச்சு சீரான பிறகே ஊசி போடலாம். கழுத்திலும் விலாவிலும் திட்டுத்திட்டாக வியர்ப்பது மருந்தினாலும் நேரும். ஆகவே வியர்வையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். 39 டிகிரியைத் தாண்டினாலோ, மூக்குத் துளைகள் விரிந்து விலா வேகமாக ஏறி இறங்கினாலோ, மருத்துவரை உடனே அழைத்துவிட்டு, திடுக்கிடாதபடி கால்களில் தொடங்கி மார்பு, கழுத்து என மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். இம்மருந்துகளால் குதிரை அதிகமாகச் சிறுநீர் கழிக்கும் என்பதால், கோடையில் நீரிழப்பையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஏற்காட்டின் மார்கழிக் குளிரில் கவலை நேர்மாறானது. குதிரையை அமைதிப்படுத்தச் செலுத்தும் அசிப்ரோமசின் என்ற இன்னொரு மருந்து தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், உடற்சூடு வெளியே போய்விடும். குட்டிகளும், வயதான மெலிந்த குதிரைகளும் விரைவில் குளிர்ந்துவிடும். மழையிலோ பனியிலோ நனைந்திருந்தால் நன்றாகத் துவட்டிய பிறகே காய்ந்த கம்பளியைப் போர்த்துங்கள். கம்பளிக்கு அடியில் அவ்வப்போது கைவிட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

எந்தப் பருவமானாலும் முழுமையாகத் தெளியும்வரை புல்லோ கொள்ளோ கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தலையை நிமிர்த்தித் தடுமாறாமல் நடக்கும்வரை வண்டியில் ஏற்றவும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காடு மலைப்பாதையில் அரைமயக்கத்தில் நிற்கும் குதிரையால் கால் ஊன்றிச் சமாளிக்க முடியாது. அடிவார வெக்கையிலிருந்து மலைக் குளிருக்குள் சட்டென்று நுழைவதையும் அதன் உடல் அந்த நேரத்தில் தாங்காது.