கூடத்துக்கு ஒரு வட்ட மேசை: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்த வாரத்திலேயே சோபா, தொலைக்காட்சி, அதைத் தாங்கும் அலமாரி, நடுவில் போடும் சிறு மேசை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிடும் குடும்பங்களை ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் அடிக்கடி காண்கிறேன். மெத்தையும் சமையல் பாத்திரங்களும் காத்திருக்கமாட்டா, நடுமேசை காத்திருக்கும். சோபா எந்தச் சுவரோரம் நிற்கும், வாசலிலிருந்து குசினிக்கு எந்த வழியாக நடப்பீர்கள், பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து விளையாடுவார்கள் என்பதெல்லாம் ஒரு மாதம் அந்த வீட்டில் புழங்கிய பிறகே தெரியவரும் என்பதால், இந்த மேசையைக் கடைசியாக வாங்குவதே நல்லது.

கடைகளில் இதற்குக் காபி டேபிள் என்று பெயர். ஊரில் நாம் டீப்பாய் என்று சொன்னதும் இதைத்தான். அந்தச் சொல்லுக்கும் தேநீருக்கும் உறவு இருப்பதுபோலத் தோன்றினாலும், மூன்று கால் எனப் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது அது. நம்முடைய முக்காலியும் அதே பொருள்தான்.

வட்ட மேசையை நான் பரிந்துரைப்பதற்கு அழகு இரண்டாவது காரணமே. இங்குள்ள அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் வாசற்கதவு நேரே கூடத்துக்குள் திறக்கும். குசினிக்கும் படுக்கையறைக்கும் போகும் வழியும் அதே கூடத்தினூடாகவே போகும். அத்தகைய இடத்தில் நீள்சதுர மேசையின் முனைகள் முழங்காலைப் பதம் பார்க்கும். தவழும் குழந்தை இருந்தால் நெற்றியையும் பார்க்கும். ட வடிவில் வளைந்த சோபா வைத்திருப்பவர்களுக்கு இரு பக்கத்தில் இருப்பவர்களின் கைக்கும் எட்டுவது வட்ட மேசைதான். ஆனால் குறையையும் சொல்லிவிட வேண்டும். 36 அங்குல விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு, 36 அங்குலச் சதுரத்தின் பரப்பைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைவு. நீளமான சோபாவின் இரு முனைகளிலும் அமர்பவர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்காக ஒரு சிறு பக்க மேசை தேவைப்படலாம். அல்லது உயரம் வேறுபட்ட இரண்டு சிறிய வட்ட மேசைகளை ஒன்றின்கீழ் ஒன்று நுழையுமாறு வாங்கிக்கொள்ளலாம். விருந்தினர் வரும்போது இழுத்துக்கொள்ள இந்த ஏற்பாடு மிகவும் உதவும்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். வந்த முதல் குளிர்காலத்தில், விமானக் கொட்டகை போன்ற ஒரு பெரிய கடையில் 48 அங்குல மேசை சிறியதாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கூடமே மேசையாகிவிட்டது. மூன்று மாதம் பக்கவாட்டில் நடந்த பிறகு, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றேன்.

கணக்கு எளியது. மேசையின் விட்டம் சோபா நீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்கலாம். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. சோபாவுக்கும் மேசைக்கும் இடையே 14 முதல் 18 அங்குலம் வேண்டும்: காலை நீட்டவும் முடியும், கோப்பையும் கைக்கு எட்டும். மறுபக்கம் ஆட்கள் நடக்கும் வழிக்கு 30 அங்குலம் இருந்தால் வசதி. இப்போது பத்தடி அகலக் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது 120 அங்குலம். சோபாவின் ஆழம் 36, இடைவெளி 16, மேசை 36, எதிரே தொலைக்காட்சி அலமாரி 16 என்றால் 104 போய், நடக்க எஞ்சுவது 16 அங்குலம் மட்டுமே. மேசையை 30 அங்குலமாகக் குறைத்தால் 22 கிடைக்கும். சொன்ன அளவைவிட இது குறைவுதான். ஆனால் வட்டத்தின் விளிம்பு ஒரே ஒரு புள்ளியில்தான் அலமாரியை நெருங்கி, இரு பக்கமும் வளைந்து விலகிவிடுகிறது. அதனால் சதுர மேசையருகே அடைபடும் அதே வழியில், வட்ட மேசையைச் சுற்றித் தடையின்றி நடக்கலாம்.

வாங்குவதற்கு முன் தரையில் வட்டத்தை வரைந்து பாருங்கள். பதினைந்து அங்குல நூலின் ஒரு முனையை ஒருவர் விரலால் தரையில் அழுத்திப் பிடிக்க, மறு முனையைச் சுற்றிக்கொண்டுபோய் ஆங்காங்கே எளிதில் உரியும் காகித நாடாவை ஒட்டினால் 30 அங்குல வட்டம் கிடைத்துவிடும். இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். உயரம், சோபாவின் இருக்கைக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்கட்டும். பொதுவாக 16 முதல் 18 அங்குலம்.

மேற்பரப்பு எதனால் ஆனது என்பதை நம் சமையலை மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும். சலவைக்கல் பார்வைக்கு அழகு. ஆனால் அது சுண்ணாம்புப் பொருள் என்பதால் எலுமிச்சை, புளி, தயிர் எதுவாயினும் சிந்திய இடத்தில் பளபளப்பை அரித்துவிடும். அந்தத் தழும்பு துடைத்தால் போகாது. மரத்தூள் பலகையின்மேல் காகிதம் ஒட்டிச் செய்த மலிவான மேசைகள், விளிம்பில் நீர் புகுந்தால் அப்பம்போல உப்பிவிடும். கண்ணாடி இருண்ட அறைக்கு நல்லது. இங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. கருமரப் பொருள்கள் நிறைந்த சிறு கூடம் அப்போது குகைபோல் தோன்றும். கண்ணாடி வாங்கினால் அது வெப்பமூட்டி வலுவாக்கப்பட்டதா என்று கேளுங்கள். அத்தகைய கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற சில்லுகளாகாமல் சிறு துண்டுகளாகச் சிதறும். என் தெரிவு வெளிர்நிற மரமே. மஞ்சட்கறை பட்டால் கலங்க வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் மங்கக்கூடியது என்பதால், துடைத்துவிட்டு மேசையைச் சன்னலோரம் சில நாள் வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும். குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓடும்போது வீட்டுக் காற்று மிகவும் உலர்ந்துபோகும். கெட்டி மரம் அப்போது சுருங்கி வெடிப்பு விடலாம். ஆகவே வெப்பக்காற்று வரும் துவாரத்தருகே அதை வைக்காதீர்கள். நடுவே ஒற்றைக் கால் உள்ள மேசையென்றால், விளிம்பைக் கையால் அழுத்திப் பாருங்கள்; சாய்ந்தால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

புதிதாக வாங்கும்போது ஒன்ராறியோவில் விலைச்சீட்டில் உள்ள தொகைக்குமேல் 13 சதவீத விற்பனை வரி சேரும். பழைய பொருள்களை ஆட்கள் நேரடியாக விற்கும் இணையத்தளங்களான கிஜிஜியிலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் நல்ல மர மேசைகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பொருளை நேரில் பார்க்கும் முன் முற்பணம் அனுப்பாதீர்கள். பார்க்கப் போகும்போது கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோய், மேசையைக் கவிழ்த்துப் பொருத்துகளிலும் திருகாணிக் குழிகளிலும் மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். மாத முடிவில் குப்பையருகே கிடக்கும் மேசையை இரக்கப்பட்டு எடுத்துவராதீர்கள். அடுக்குமாடியில் வசிப்பவர்கள், பெரிய பொருளை ஏற்ற மின்தூக்கியை முன்பதிவு செய்ய வேண்டுமா என்று கட்டட அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அலங்காரத்தைப் பொறுத்தவரை, நம் வீட்டு மேசை வேலை செய்யும் மேசை என்பதை மறக்காதீர்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் ஐந்து நிமிடத்தில் தேநீர்த் தட்டும் பலகாரமும் அங்கே இறங்கும். ஆகவே பாதி மேசை எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். மீதிப் பாதியில் ஒரு தட்டம், அதில் மூன்று பொருள்கள் போதும்: நீரில் பூ மிதக்கும் சிறு பித்தளைக் கிண்ணம், இரண்டு புத்தகம், தொலைக்காட்சியின் கட்டுப்படுத்தியை ஒளித்து வைக்க மூடியுள்ள ஓலைப்பெட்டி. தட்டத்தோடு ஒரே தூக்கில் எல்லாவற்றையும் அகற்றிவிடலாம். உட்கார்ந்திருப்பவர் முகத்தை மறைக்கும் உயரத்தில் பூச்சாடி வைக்காதீர்கள். எதிரில் இருப்பவர் சாடியைச் சுற்றி எட்டிப் பார்த்துப் பேச நேரும். குத்துவிளக்கை ஏற்ற இது இடமன்று. சோபாத் துணி அருகில் இருக்கிறது, தலைக்குமேல் புகையறிவிப்பானும் இருக்கிறது. பித்தளைப் பொருள்களின் அடியிலும் மேசைக் கால்களின் அடியிலும் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். முன்னது மேசையைக் கீறாமல் காக்கும். பின்னது வாடகை வீட்டின் தரையையும், இரவு பத்து மணிக்கு நீங்கள் மேசையை இழுக்கும் ஓசையிலிருந்து கீழ்வீட்டுக்காரரின் தூக்கத்தையும் காக்கும்.