அட்டையில் இன்யூட் பனிக்கண்ணாடி, கூடவே இரண்டு காகித வேலைகள்

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இன்யூட் மக்களைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமென்றால் பஞ்சு ஒட்டிய இக்ளூவை முதலில் விட்டுவிடலாம். அது சில பகுதிகளில் மட்டும் குளிர்காலத்துக்குக் கட்டிய பனிக்குடில். இன்று அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து எங்கும் அவர்கள் இருப்பது சாதாரண வீடுகளில்தான். 'எஸ்கிமோ' என்ற சொல்லும் வேண்டாம்; கனடாவில் அதை இழிசொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

6 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குப் பனிக்கண்ணாடி நன்றாக எடுபடும். புதுப் பனி, தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியடிக்கும். அதில் நாள் முழுக்க நடந்தால் கண் எரிந்து, சில நாள் பார்வையே மங்கிவிடும். அதனால் காரிபூ மான்கொம்பு, எலும்பு, மரம் ஆகியவற்றைக் குடைந்து, மெல்லிய கீறல் மட்டும் விட்டுக் கண்ணில் கட்டிக்கொண்டார்கள். கண்ணாடி வில்லை இல்லாததால் மூச்சுக்காற்றுப் பட்டு மறைக்கவும் செய்யாது.

கார்ன்ஃபிளேக்ஸ் டப்பா அட்டை போதும். மும்பை மழைக்காலத்தில் சார்ட் பேப்பர் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம் வெட்டுங்கள். மேல்விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, நடுக்கோட்டுக்கு இருபுறமும் 1 செ.மீ. தள்ளி, 3 செ.மீ. நீளக் கீறல் ஒவ்வொன்று. அகலம் 3 மி.மீ. கட்டர் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். கீழ்விளிம்பின் நடுவில் மூக்குக்காக 2 செ.மீ. உயர முக்கோணம் வெட்டி எடுங்கள். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ஸ்கெட்ச் பென் தீட்டுங்கள். இன்யூட் மக்களும் உட்புறம் கரி பூசுவதுண்டு, வெளிச்சம் உள்ளே சிதறாமல் இருக்க.

கீறல் 5, 6 மி.மீ. ஆகிவிட்டால் வேலையே கெட்டது, கண்கூச்சம் அப்படியே இருக்கும். அட்டையைத் தட்டையாகக் கட்டினால் பக்கவாட்டில் வெளிச்சம் புகும்; தண்ணீர் பாட்டிலில் சுற்றி வளைத்துக்கொள்ளுங்கள். இரு ஓரத்திலும் செல்லோடேப் ஒட்டியபிறகே எலாஸ்டிக் கோக்க ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் எலாஸ்டிக் இழுத்த இழுப்பில் கிழிந்துவிடும். வெள்ளைச் சைனா மொசைக் பதித்த மொட்டைமாடி இருந்தால், வெயில் நாளில் போட்டும் கழற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது, போட்டுக்கொண்டு ஓடவும் கூடாது, ஓரப்பார்வை இருக்காது.

அடுத்தது இனுக்சுக், வழி காட்டவும் வேட்டையிடத்தைக் குறிக்கவும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல். கனடாவில் இன்யூட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் பிரதேசம் 1999 ஏப்ரல் 1 அன்று உருவானது. அதன் கொடியில் மஞ்சள், வெள்ளைப் பின்னணிக்கு நடுவே சிவப்பு இனுக்சுக்கும் மேல்மூலையில் நீல நட்சத்திரமும் இருக்கின்றன. ஹார்டுவேர் கடை உப்புத்தாளைக் கிழித்தே கற்களைச் செய்யுங்கள், கத்தரி வேண்டாம். கீழ்க்கல்லில் தொடங்கி ஒட்டவும். ஃபெவிகால் தாளைச் சுருக்கும், குளூ ஸ்டிக் போதும்.

மூன்றாவது ஸ்டென்சில் அச்சு. நுனாவுட்டின் கின்கைட் ஊரில் 1950களின் கடைசியில் அச்சுக்கலை தொடங்கியபோது சீல் தோலையே ஸ்டென்சிலாக வெட்டினார்கள். நமக்குப் பழைய எக்ஸ்ரே ஷீட். அந்த ஊர் ஓவியர் கெனோஜுவாக் அஷெவாக் ஆந்தைப் படங்களுக்குப் பேர்போனவர். குழந்தையும் சொந்தமாக ஓர் ஆந்தையை வரையட்டும், வெட்டித்தருவது நாம். ஸ்பாஞ்சில் போஸ்டர் கலரைத் தண்ணீர் சேர்க்காமல் தொட்டு, செங்குத்தாக ஒற்றவும். தேய்த்தால் கலர் அடியில் ஒழுகும். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் ஷீட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.