கண்மாய்ப் பாசன ஊருக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் தீட்டுவது எப்படி?

சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் கண்மாய்ப் பாசன ஊர்களில் நிலம் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் தேவை வந்த நேரத்தில் தனித்தனியாக எடுக்கப்படுகின்றன. அங்கன்வாடிக்கு இடம் கேட்டால் களத்தைக் காட்டுகிறோம். மேல்நிலைத் தொட்டிக்குக் கேட்டால், மாடுகள் கூடும் மந்தையைக் காட்டுகிறோம். கட்டடம் எழும்பிய பிறகு, அறுவடைக் காலத்தில் கதிரடிக்க இடமில்லாமல் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டடங்கள் ஊருக்குத் தேவையானவைதான். எந்த இடத்தை எதற்கு விடுவது என்று ஊர் முழுவதையும் ஒருசேரப் பார்த்து முடிவு செய்யாததுதான் குறை. சில நூறு குடும்பங்கள் கொண்ட சிறிய ஊராட்சியும் இந்த வேலையைத் தன் மக்களைக் கொண்டே செய்ய முடியும்.

தொடங்குமுன் ஊராட்சியின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் பட்டா நிலத்தில் இன்னதுதான் செய்யலாம் என்று வரையறுப்பது 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் வேலை. கிராமசபைத் தீர்மானத்தால் மட்டும் அதைச் செய்துவிட முடியாது. ஆனால் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், மேய்ச்சல் நிலம், களம், மயானம், மந்தை, தோப்பு போன்ற புறம்போக்குகளை, அரசுக்கு வேறு குறிப்பிட்ட தேவை இல்லாதவரை, ஊராட்சியின் பொறுப்பில் விடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கென அடையாளம் காட்டும் 29 பொருள்களில் நில மேம்பாடு, மண் பாதுகாப்பு, சிறுபாசனம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஆகவே பொதுநிலத்தில் நேரடியாகவும், தனியார் நிலத்தில் ஒப்புதலும் ஆட்சேபணையும் தெரிவிக்கும் இடத்தில் இருந்தும் ஊராட்சி செயல்பட வேண்டும். இந்த வேறுபாடு தெளிவாக இல்லாத திட்டம் முதல் வழக்கிலேயே நின்றுவிடும்.

ஆவணங்களைத் திரட்டுதல்

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, அடங்கல் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்ற பதிவு), புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவுப் படம்) ஆகிய நான்கும் அடிப்படை ஆவணங்கள். இவற்றுள் ‘அ’ பதிவேட்டுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உட்பிரிவு, பழைய எண், நஞ்சையா புஞ்சையா புறம்போக்கா என்பது, பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தீர்வை, பரப்பு ஆகியவை அதில் இருக்கின்றன. பழைய எண்ணுக்கான கலத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஊரில் மூத்தவர்கள் ஓர் இடத்தைப் பழைய எண்ணால் சொல்வார்கள், அலுவலகம் புதிய எண்ணால் சொல்லும், இரண்டும் ஒரே இடம்தானா என்ற குழப்பம் அங்கே தீரும். புறம்போக்கு என்று வரும் எண்களை மட்டும் ஒரு நோட்டில் தனியே எழுதி, கண்மாய், ஊருணி, ஓடை, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்), பாதை, களம், மந்தை, மயானம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர்; ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். கூட்டத்தில் பேசும்போது ஏக்கர், சென்ட் கணக்கில் சொன்னால்தான் எல்லோருக்கும் விளங்கும், தீர்மானத்தில் எழுதும்போது ஹெக்டேர் கணக்கும் இருக்க வேண்டும்.

அடங்கல் பசலி ஆண்டுப்படி, அதாவது ஜூலை 1 முதல் மறு ஆண்டு ஜூன் 30 வரை, எழுதப்படுகிறது. பத்துப் பசலிகளின் அடங்கலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்தப் புலத்தில் நெல் நின்றுபோனது, எங்கே மிளகாயும் பருத்தியும் தொடர்கின்றன, எந்தப் பக்கம் சீமைக்கருவேலம் ஏறியது என்பது தெரிந்துவிடும். பயிர் நின்ற புலங்கள் ஒரே வாய்க்காலின் கடைமடையில் இருந்தால் அந்த வாய்க்காலில்தான் கோளாறு என்று கொள்ளலாம். ஆளில்லாமல் கைவிட்ட நிலத்தையும் தண்ணீர் வராமல் கைவிட்ட நிலத்தையும் இப்படிப் பிரித்தறிவது முக்கியம். பின்னதை வீட்டுமனைக்கு ஏற்ற தரிசு என்று கணக்கில் எடுத்துக்கொண்டால், வாய்க்காலைச் சீர்படுத்தும் வாய்ப்பையே மூடிவிடுகிறோம்.

ஊரைச் சுற்றி நடத்தல்

ஆவணம் சொல்வதை நிலத்தில் சரிபார்க்க இரண்டு முறை நடக்க வேண்டும். முதல் நடை சித்திரை, வைகாசியில், கண்மாய் வறண்டிருக்கும்போது; இரண்டாவது ஐப்பசி, கார்த்திகையில், பெருமழை பெய்த மறுநாள். கோடையில் நடந்து தேர்ந்தெடுத்த மனையிடம் மழையில் முழங்கால் நீரில் நிற்பதுண்டு. மழை நடையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வழியாகக் கண்மாய்க்குப் போகிறது, மிகுநீர் வெளியேறும் கலுங்கில் வழிந்த பிறகு அடுத்த கண்மாய்க்கு எந்த ஓடையில் இறங்குகிறது என்பதைக் கிராம வரைபடத்தின் நகலில் நீலப் பென்சிலால் அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

உடன் வருபவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சி, ஆடு மேய்ப்பவர்கள், விறகு எடுக்கப் போகும் பெண்கள், நில அளவரோடு நடந்து பழகிய கிராம உதவியாளர் ஆகிய நால்வகையினரும் கட்டாயம் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் என்று வழக்கமாக அழைக்கப்படுவோருக்குத் தங்கள் வயல் இருக்கும் திசை நன்றாகத் தெரியும். ஊரின் நான்கு திசையும் தெரிந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களே. வரைபடத்தில் ஓடை என்று இரட்டைக் கோடு போட்டிருக்கும், நிலத்தில் வரப்பு மட்டும் தெரியும். அவ்விடத்தில் நின்று, “இதில்தான் தண்ணி போகும், அந்தப் பனைக்கு மேற்கே மடக்கி உழுதுட்டாங்க” என்று கையை நீட்டிச் சொல்ல அவர்களால்தான் முடியும். அத்தகைய இடங்களில் புலப்படத்தின் அளவுகளை எடுத்துக்கொண்டு, பக்கத்து எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்துத் தோராயமாகப் பார்த்துவிட்டு, முறையான அளவீட்டுக்கு வட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள். அங்கேயே வாக்குவாதத்தில் இறங்க வேண்டாம். ஆக்கிரமிப்பு எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது வருவாய்த் துறை.

எதை முதலில் வரைவது

வீடுகளும் சாலையும் எங்கே வர வேண்டும் என்று தொடங்கி, மிஞ்சியதைத் தண்ணீருக்கும் மாட்டுக்கும் விடுவதே வழக்கமாக இருக்கிறது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்தும் ஒரே கருத்து. முதலில் நீர், பிறகு பொதுநிலம், அதன் பிறகே குடியிருப்பும் மற்றவையும்.

நீரைப் பொறுத்தவரை கண்மாயின் கரையை மட்டும் குறித்தால் போதாது. வரத்துக்கால், நீர்பிடிப்பு, உள்வாய் (கரைக்கு உட்புறம் நீர் நிற்கும் பகுதி), தண்ணீர் திறக்கும் மடை, கலுங்கு, கலுங்குக்குக் கீழே உள்ள ஓடை, ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பு) ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஒரு கண்மாயாகக் கொள்ள வேண்டும். வரத்துக்காலின் குறுக்கே ஒரு சிமெண்ட் சாலை தாழ்வான குழாயுடன் போடப்பட்டுவிட்டால், எத்தனை முறை தூர்வாரினாலும் கண்மாய் நிறையாது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், எந்தக் கண்மாய்க்கு யாரிடம் மனு கொடுப்பது என்பதையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அடுத்தது பொதுநிலம். ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று அளித்த தீர்ப்பு, ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது. அந்த வழக்கே ஓர் ஊர்க் குளத்தை நிரப்பி வீடு கட்டியதிலிருந்து எழுந்தது. மேய்க்காலையும் தரிசையும் பயனற்ற நிலம் என்று எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அந்த நிலத்தில்தான் சொந்த நிலமில்லாத குடும்பங்களின் வெள்ளாடுகள் மேய்கின்றன, விறகு கிடைக்கிறது, மழைநீர் மண்ணில் இறங்குகிறது. ஒவ்வொரு பொதுநிலத்துக்கும் எதிரே, யார் எந்த மாதங்களில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இருந்தால் வேறு துறைக்கு நிலமாற்றம் கேட்டு வரும்போது ஊராட்சி என்ன பதில் சொல்வது என்று தடுமாற வேண்டியதில்லை.

மயானப் பாதையைத் தனியே பார்க்க வேண்டும். பல ஊர்களில் மயானம் பதிவில் இருக்கிறது, பாதை இல்லை. ஆதிதிராவிடர் மயானத்துக்கான பாதை பெரும்பாலும் யாருடைய பட்டா வயலையாவது கடந்தே போகிறது. விளைந்த வயலின் வரப்பில் சவத்தைத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்குத் தரும் வேதனையைச் சொல்லில் அடக்க முடியாது. இறப்பு நேர்ந்த நாளில் பேசித் தீர்க்க முடியாத இந்தச் சிக்கலை, அமைதியான காலத்தில், நில உரிமையாளரிடம் பேசித் தானமாகவோ கிரயமாகவோ நான்கு மீட்டர் அகலமாவது ஊராட்சியின் பெயருக்கு வாங்கிப் பதிவு செய்து தீர்ப்பதே இத்திட்டத்தின் மிகப் பெரிய பயனாக அமையலாம்.

குடியிருப்புக்கு, இருக்கும் நத்தத்தில் (ஊரின் குடியிருப்பு நிலம்) உள்ள காலி மனைகளைக் கணக்கிட்டுவிட்டு, மேட்டுப் புஞ்சையில் இடம் தேடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் வீட்டுமனை ஒதுக்கும் எண்ணமே வேண்டாம். குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் நீளும் தூரம் ஆண்டுதோறும் ஊராட்சியின் செலவாகும் என்பதால், ஊரை ஒட்டிய இடமே நல்லது.

மனைப்பிரிவும் பெருந்திட்டங்களும்

நகர் ஊரமைப்புச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017-இல் தனி விதிகள் வந்துள்ளன. நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு இல்லாமல் அது நடக்கக் கூடாது. மனைப்பிரிவுக்கு விண்ணப்பம் வரும்போது, ஊராட்சி உங்கள் வரைபடத்தை எடுத்து அந்தச் சர்வே எண்களில் ஓடையோ வண்டிப்பாதையோ குறுக்கிடுகிறதா என்று பார்த்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சாலைகளும், பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொது ஒதுக்கிடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு வர வேண்டும். பத்திரம் பதிவானதோடு நின்றுவிடாமல், உட்பிரிவு செய்து வருவாய்ப் பதிவேட்டிலும் ஊராட்சியின் பெயரை ஏற்றுங்கள். அதைச் செய்யாத பூங்கா இடங்கள் சில ஆண்டுகளில் மனையாகக் கைமாறியதை நானே பார்த்திருக்கிறேன்.

கமுதியில் 2016-இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. அந்த அளவில் வேலிக்குள் நிலம் அடைபடும் காலம் இது. நடுவே ஓடும் ஓடையும், அடுத்த ஊருக்குப் போகும் பாதையும், ஆடு போகும் தடமும் முன்கூட்டியே சர்வே எண்ணோடு பதிவாகியிருந்தால்தான், நிலம் வாங்க வருபவரிடம் ஊர் பேசுவதற்கு ஆதாரம் இருக்கும்.

கிராமசபைக்குக் கொண்டுபோதல்

வரைவை நேரே கிராமசபையில் வைக்காமல், முதலில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் மாலை நேரத்தில் ஒரு கூட்டம் நடத்துங்கள். பெண்களுக்குத் தனியாக ஒன்று. வரைபடத்தைச் சுவரில் மாட்டாமல் தரையில் விரித்தால் எல்லோரும் சுற்றி அமர்ந்து விரல் வைத்துக் காட்டுவார்கள். ஆட்சேபணைகளை அப்படியே எழுதிக்கொண்டு, திருத்திய வரைவை ஒரு மாதமாவது ஊராட்சி அலுவலகத்திலும் நியாய விலைக் கடையிலும் மக்கள் பார்வைக்கு வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 இதற்குப் பொருத்தமான நாள். தீர்மானத்தில் ‘கிழக்குப் பக்கத்து ஓடை’ என்று எழுதினால் எந்த அலுவலகமும் அதை ஏற்காது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தற்போதைய வகைப்பாடு, ஊர் தீர்மானித்த பயன் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகள் வாங்குமுன் முழுத் தீர்மானத்தையும் உரக்கப் படியுங்கள்.

தீர்மானத்தின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலர், தாசில்தார், வருவாய் கோட்டாட்சியர், நீர்வளத் துறை ஆகியோருக்கு சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். பதிவேட்டில் திருத்தம் தேவைப்படும் இனங்களை ஆண்டுதோறும் வட்ட அளவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் தனித்தனி மனுவாகக் கொடுப்பதே பலனளிக்கும். பத்துக் கோரிக்கைகளை ஒரே மனுவில் அடக்கினால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். அந்தந்த ஆண்டு நடந்த மாற்றங்களை அதே ஜமாபந்திக்கு முந்தைய மாதத்தில் வரைபடத்தில் ஏற்றி, ஒரு நகலை ஊராட்சிச் செயலரிடமும், இன்னொன்றை ஊர் நூலகத்திலும், மற்றொன்றை மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டமைப்பிடமும் வைத்தால், தலைவரும் செயலரும் மாறினாலும் வரைபடம் ஊரிலேயே இருக்கும்.