பாராபாசாரஸ் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் தலையில்தான். இந்த நீள்கழுத்து டைனோசரின் மண்டையோடு கிடைக்கவே இல்லை, கையில் இருப்பவை கரண்டி போல அகன்ற சில பற்கள் மட்டும். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவன அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூட்டின் தலையும் உறவுக்கார விலங்குகளை வைத்து ஊகித்ததே. அதைப் பார்த்து வரைந்துவிட்டு "மூஞ்சி இப்படித்தான் இருந்தது" என்று எழுதாதீர்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் அபடோசாரஸ் என்ற இன்னொரு நீள்கழுத்து டைனோசர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தவறான தலையோடு நின்றது, 1979இல்தான் மாற்றினார்கள்.

அடுத்து, கொல்கத்தாவில் நிற்கும் பாராபாசாரஸை ஒரே விலங்கின் எலும்புக்கூடு என்று நினைப்பது. தெலங்கானாவில், சிரோஞ்சாவுக்குத் தெற்கே போச்சம்பள்ளி அருகே (புடவைக்குப் பெயர்போன போச்சம்பள்ளி வேறு) சுமார் 300 எலும்புகள் பெரிய மரத்தண்டுகளோடு கலந்து கிடந்தன. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை, பெரும்பாலும் ஒன்றோடொன்று இணையாமல் சிதறியவை. அதனால் கழுத்து இத்தனை மீட்டர் என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள்.

உறவுமுறையில்தான் பெரிய குழப்பம். பின்னால் வந்த நீள்கழுத்து டைனோசர்களான டிப்ளோடோகஸ், பிராக்கியோசாரஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் தாத்தா என்று எழுதுகிறார்கள். சாரோபாட் எனப்படும் இந்த நீள்கழுத்து டைனோசர்களின் குடும்ப மரத்தில் அடிப்பக்கமாகப் பிரிந்த ஒரு கிளை இது, நேர் மூதாதை என்று சொல்ல ஆதாரம் இல்லை. எலும்பையே பாருங்கள்: தொடையெலும்பு சுமார் 1.7 மீட்டர், கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம், தூண் போல நேரானது. இடுப்போடு இணையும் முள்ளெலும்புகள் நான்கு. இதெல்லாம் பிற்காலத்து உறவுகளிலும் பார்க்கிற அமைப்புதான். ஆனால் முதுகு முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் இருப்பது வெறும் குழிவு, பின்னால் வந்தவற்றைப் போல உள்ளே அறை அறையாகக் குடையப்படவில்லை. புதியதும் பழையதும் ஒரே உடம்பில் கலந்திருப்பதுதான் இதன் அழகு, அதை விட்டுவிட்டு "ராட்சச உருவம்" என்று மட்டும் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், ஐசிசாரஸ் என்ற இன்னோர் இந்திய டைனோசரோடு இதைச் சேர்த்துக் குழப்பாதீர்கள். அந்தப் பெயரில் வருவதும் அதே இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கம் (ISI) என்பதால் இரண்டும் ஒன்றாகக் காதில் விழும். பாராபாசாரஸ் ஜுராசிக் காலத்தது. மகாராஷ்டிரத்தில் கிடைத்த ஐசிசாரஸ் டைட்டனோசார் என்ற பிற்காலச் சாரோபாட் வகை, டைனோசர்களின் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது. இரண்டுக்கும் நடுவே 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஒரே படத்தில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி மேயவிட முடியாது.